பூசைக்கு வேர் தேடியது

தென்காசிப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராக இருந்தபோது, முப்பது வயதுக்கு மேல் எனக்கு சமஸ்கிருதம் படிக்க ஆசை வந்தது. கோயிலில் தினமும் புழங்கும் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தாக வேண்டும். அதே பள்ளியின் சமஸ்கிருத பண்டிதர் சொல்லித்தர ஒத்துக்கொண்டார். ஒரே நிபந்தனை. நோட்டை அவர் கையில் கொடுக்கக் கூடாது. தரையில் வைக்க வேண்டும். வயற்காட்டுக் குடும்பத்தில் பிறந்தவன் கை பட்டால் அவருக்கு ஆகாது.

அவமானம்தான். ஆனாலும் வைத்தேன். இரண்டு வருஷம் வைத்தேன். சொல் மேல் அவ்வளவு பேராசை.

தீர்த்தம் என்றால் முதலில் ஆற்றைக் கடக்கும் துறை, பிரசாதம் என்றால் மனத்தெளிவு என்று அறிந்த நாட்களில் தூக்கம் பிடிக்கவில்லை. பூசையில்தான் முட்டிக்கொண்டது. அதற்கு வடமொழியில் திருப்தியான வேர் எனக்குக் கிடைக்கவில்லை. தமிழின் ‘பூ’வும் ‘செய்’யும் சேர்ந்து அங்கே போயிருக்கலாம் என்று கட்டுரை எழுதிக் காட்டினேன்.

“இதை வெளியில சொல்லாதேயும் ஓய், சிரிப்பாங்க” என்றார் பண்டிதர்.

அந்தச் சாரல் காலத்தில், குற்றாலத்தில் ஒரு ஜமீன் பங்களாவில் வித்துவான்கள் கூடினார்கள். எனக்கு வராந்தாவில் இடம். பண்டிதர் எழுந்து என் கட்டுரையையே தலைகீழாகப் பேசினார். தமிழ்ப் ‘பூ’வே ‘பூஜை’யிலிருந்து உதிர்ந்ததாம். உள்ளே ஆகா ஆகா என்றார்கள். அவர் ஜன்னல் வழியே என்னைக் காட்டினார்.

“நம்ம தமிழ் வாத்தியாரே ஒத்துக்கிடுதார். என்ன ஓய்?”

நான் தலையை ஆட்டினேன்.

அவரைவிட என்மேல்தான் அருவருப்பாக இருந்தது. நேரே அருவிக்குப் போய் நின்றேன். யார் யாரோ தேய்த்துவிட்ட எண்ணெயும் சீயக்காயும் காலடியில் வழவழத்தன. குளித்துவிட்டு வந்தும் உடம்பு கூசியது. மறுநாளே பாடத்தை நிறுத்திவிட்டேன்.

கட்டுரையை ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு அனுப்பினேன். அச்சில் வந்தது. பூசை இருந்தது, தீர்த்தமும் பிரசாதமும் வடசொற்கள் என்று நான் எழுதிய பக்கங்களைக் காணோம். நேரில் போய்க் கேட்டேன்.

“அதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி? நமக்கு வேண்டியதைப் போட்டாச்சுல்லா” என்று பத்திரிகை ஆசிரியர் சிரித்தார்.

இவருக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? அங்கே ஒரு வாய் காப்பிகூடக் குடிக்க மனமில்லாமல் எழுந்து வந்தேன்.

அதன் பிறகு கட்டுரை எழுதவில்லை. வகுப்பில் பிள்ளைகள் கேட்டால் மட்டும் இது தமிழ், இது வடமொழி, இது எனக்குத் தெரியாது என்று சொல்வேன். அதற்கும் யாரோ தலைமையாசிரியருக்கு மொட்டைக் கடுதாசி போட்டார்கள்.