உள்ளங்கையில் ஊற்றிய எண்ணெய்

குற்றாலத்தில் பெண்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் ஒரு அம்மாளை எண்பதுகளில் ஒரு சாரல் காலத்தில் சந்தித்தேன். ஒல்லியான உருவம், தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள். முதுகு, கை, கால் எல்லாம் அவரே தேய்ப்பார். மார்புக்கு மட்டும் நம் உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொள்வார்.

எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. ஆனாலும் வெட்கம். மார்புவரை கட்டியிருந்த பாவாடையின் மேலேயே எண்ணெயைத் துடைத்துவிட்டு, "ஆச்சு" என்றேன்.

"அதுக்குள்ளயா? பூனைக்குத் தடவுனாக்கூட இதவிட நேரமாவுமே! அக்காவுக்குத் தீட்டு நின்னுட்டா?"

"மூணு வருசமாச்சு."

"சீனி வியாதி இருக்கா?"

"இருக்கு."

"கொமரியா இருக்கையில அங்கன கெட்டியாத்தான் இருக்கும். தீட்டு நின்னு ஒடம்பும் பெருத்துட்டா மெதுமெதுன்னு ஆயிரும். கெட்டியா எதுவும் தட்டுப்பட்டாச் சொல்லுங்க. நான் திரும்பமாட்டேன்."

தொட்டுப் பார்த்தேன். இடப்பக்கம் புளியங்கொட்டை அளவில் ஒன்று இருந்தது. பயம்கூட வரவில்லை. அவரிடம் சொன்னேன்.

"அருவி எங்கயும் ஓடிராது. இப்பமே தென்காசிக்கு பஸ் ஏறுங்க" என்றார்.

தென்காசி டாக்டர் மதுரைக்கு அனுப்பினார். அங்கே இடது மார்பை எடுத்துவிட்டார்கள். பிழைத்தேன்.

அடுத்த சாரலுக்கு அவரிடம் இதைச் சொல்லத்தான் போனேன். என் முறை வந்ததும் முகத்தைப் பார்த்து, "மொதத் தடவையா வாறிய?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை. அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.