கண்ணு வண்டியின் ஷாக்கப்சர்

போன வாரம் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ்ஸில் என் பக்கத்துச் சீட்டில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். ஒரு கண்ணின் மேல் பொடிப்பொடியாய்த் துளை போட்ட பிளாஸ்டிக் மூடி, அதைச் சுற்றிப் பிளாஸ்திரி. மடியில் அவித்த பனங்கிழங்குக் கட்டு. ஒரு கிழங்கை உரித்து, நாரை இழுத்து ஜன்னல் வழியே போட்டுவிட்டு, கடவாய்ப் பல்லால் கடித்துத் தின்றுகொண்டு வந்தார். பஸ் ஒரு வேகத்தடையைச் சட்டை செய்யாமல் ஏறிக் குதித்தது. என் இரண்டு கைகளும் என்னைக் கேட்காமலே எழுந்து போய் அவர் தலையைப் பிடித்துக்கொண்டன.

"என்ன தாயி?" என்றார், மெல்லுவதை நிறுத்தாமல்.

"இல்லம்மா... ஆபரேஷன் செஞ்ச கண்ணு..."

"ஆமா, நேத்துத்தான் செஞ்சாக. அதுக்கு எதுக்கு மண்டையப் புடிக்கிற? கிழங்கு வேணுமா?"

வெட்கத்தோடு ஒரு கிழங்கை வாங்கிக்கொண்டேன். அதன் மண் வாசனையோடு, சம்பந்தமே இல்லாமல், பழைய ஷாக்கப்சர் எண்ணெயின் வாசனையும் ஏறி வந்தது. ஆறிப்போன வடைச்சட்டி எண்ணெயில் துருவைக் கரைத்தால் வரும் வாசனை அது. உங்களுக்குப் பழக்கம் இருக்காது. இல்லாததே நல்லது.

எண்பதுகளின் கடைசி. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருந்தேன். கண் முகாம் நடத்தும் ஒரு சங்கத்தில் வேலை கிடைத்தது. நியமனக் கடிதத்தில் 'வாகனங்கள் பராமரிப்பு' என்று பன்மையில் போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் ஒரே ஒரு ஜீப். சுற்றுப்பட்டி ஊர்களில் முகாம் போட்டு, கண்ணில் புரை விழுந்தவர்களை மதுரைக்குக் கூட்டிப்போய், ஆபரேஷன் முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடவேண்டும். ஊர்க்காரர்கள் அதைக் 'கண்ணு வண்டி' என்றார்கள்.

கூட்டிப் போவது எளிது. கொண்டுவருவதில்தான் உயிர் போகும். அந்தக் காலத்தில் கண்ணை அகலமாகக் கீறித் திறந்து, தையல் போட்டுத்தான் அனுப்புவார்கள். தலை ஆடக்கூடாது, குனியக்கூடாது, இருமக்கூடாது, தும்மக்கூடாது என்று நர்ஸ் சொல்லி அனுப்பும் வரிசை எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். எங்கள் ஜீப்போ, நின்ற இடத்தில் நின்றால்கூட ஆடும்.

அதை ஓட்டியவர் வீரசோழன் ஊர்க்காரரான சையது அண்ணன். சவுதியில் சில வருடம் வண்டி ஓட்டித் திரும்பியவர். எதைச் சொன்னாலும், "பாலைவனத்துல மணல் மலையில ஏத்துனவன் நானு. இதென்ன ரோடு?" என்பார். இது என்ன ரோடு என்பதுதான் எங்கள் எல்லோருடைய கேள்வியும்.

நரிக்குடிக்கு அப்பால் ஒரு கண்மாய்க்கரை ஊரில் முகாம் போட்டபோது சண்முகத்தாய் அக்கா வந்தார். நாற்பது தாண்டியவர், ஆடு வளர்ப்பவர். சின்ன வயதில் அம்மை கண்டு ஒரு கண் போய்விட்டது. இருந்த ஒரு கண்ணிலும் புரை விழுந்து, ஆட்டுக்கும் புதருக்கும் வித்தியாசம் தெரியாத நிலைமை. டாக்டர் எவ்வளவு சொல்லியும் ஆபரேஷனுக்கு மசியவில்லை. வெளியே ஜீப்புக்கு அடியில் கிடந்த என்னிடம்தான் வந்து கேட்டார்.

"ஏத்தா, கொண்டாந்து விடுறது யாரு?"

"நாங்கதான்க்கா."

"இந்த ஜீப்புலயா? எங்க ஊரு மாமன இதுலதான கூட்டியாந்தீக. கம்மாக்கரைப் பாதையில போட்ட குலுக்குல தையலு விட்டுப்போயி, திரும்பவும் மதுரைக்கு ஓடுனாக. அவுகளுக்கு ரெண்டு கண்ணு. எனக்கு இருக்கிறது ஒண்ணு."

அந்த மாமா பிழைத்துக்கொண்டார், பார்வையும் வந்தது. ஆனால் அவர் பட்ட பாடு ஊருக்கே தெரியும். கையெல்லாம் கிரீஸோடு எழுந்து நின்று, "அலுங்காமக் கொண்டாந்து விடுறேன்க்கா" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

அதை நம்பி அவர் மதுரைக்குப் போய்விட்டார். சனிக்கிழமை அவரை அனுப்புவதாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

குலுக்கலை அடக்கும் ஷாக்கப்சர் கெட்டுவிட்டதா என்று பார்க்கப் படிப்பு வேண்டியதில்லை. வண்டியின் மூலையை அமுக்கிக் கையை எடுத்தால், ஒரு தடவை எழும்பி நின்றுவிட வேண்டும். எங்கள் ஜீப் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே இருந்தது. குனிந்து பார்த்தால் எண்ணெய் கசிந்து, அதில் கரிசல் மண் அப்பி, நான்கும் எலிகளைப் போல ரோமம் வளர்த்துத் தொங்கின.

அருப்புக்கோட்டையில் உதிரிபாகக் கடை அண்ணாச்சி மூன்று தினுசு எடுத்துப் போட்டார். ஜீப்புக்கென்றே வருவது ஒன்று. சரக்கு வேனுக்கானது, கட்டியானது, இன்னொன்று. மூன்றாவது, பழசை மறுபடி எண்ணெய் ஊற்றி, பெயிண்ட் அடித்து, புதுசு மாதிரி உட்கார வைத்திருந்தது. அதை முதலிலேயே ஒதுக்கினேன். சையது அண்ணன் நேராக வேன் ஷாக்கப்சரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"நம்ம ரோட்டுக்கு இதுதான் தாயி. கல்லு மாதிரி இருக்கு பாரு."

"கல்லு மேல படுக்க வெச்சா கூட்டியாரப் போறோம்?"

ஒவ்வொன்றையும் தரையில் நிறுத்தி, உடம்பு எடையைப் போட்டு அமுக்கினேன், இழுத்தேன். மெதுவாக இறங்க வேண்டும், அதைவிட மெதுவாக நீள வேண்டும், நடுவில் எங்கும் தொளதொளவென்று விடக்கூடாது. இரு முனை வளையங்களுக்குள் ரப்பர் புஷ் இறுக்கமாக இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்தேன். திரும்பவும் அமுக்கினேன்.

"ஏம்மா, மாப்பிள்ளை பாக்குற மாதிரியில்ல பாக்குற?" என்றார் அண்ணாச்சி.

"மாப்பிள்ளைய இம்புட்டு அமுக்கிப் பாக்க விடுவாகளா அண்ணாச்சி?"

கடையே சிரித்தது. ஜீப்புக்கென்றே வருவதை வாங்கினோம். சையது அண்ணன் வழி நெடுக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

சங்கத்துக் கொட்டகையில், தம்பியின் பழைய சட்டையைப் பாவாடை தாவணிக்கு மேல் மாட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போனேன். (என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஒருமுறை அந்தக் கோலத்தில் நின்ற என்னிடமே விலாசம் கேட்டு, பதிலைக்கூட வாங்காமல் போனார்கள். அது வேறு கதை.) துருப்பிடித்த நட்டுகளுக்கு முந்தின நாளே மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்திருந்தேன். முன்பக்கம் இரண்டும் சமர்த்தாக ஏறின. பின்பக்கம்தான் தகராறு. மேல் வளையத்தை மாட்டிவிட்டு எவ்வளவு இழுத்தாலும், கீழ் வளையம் அதற்குரிய முளைக்கு இரண்டு விரற்கடை மேலேயே நின்றது.

"இதுக்கா முழிக்கிற?" என்றார் சையது அண்ணன். எதிர்த்த டீக்கடையைப் பார்த்துக் கையைத் தட்டினார். "ஏலே, எல்லாரும் வாங்கடா. ஜீப்புல ஏறி உக்காருங்க!"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸோடு ஏறினார்கள். பாலவனத்தம் பஸ்ஸுக்கு நின்றவர்களும் எதற்கு என்று கேட்காமல் ஏறினார்கள். பின்பக்கம் அமுங்கியது. வளையம் முளையில் பொருந்தியது. நட்டை முறுக்கினேன். ஒருவர், "எங்கப்பா போறோம்?" என்று அப்போதுதான் கேட்டார்.

அவர்கள் இறங்கியதும் வண்டி எழும்பியது. ஷாக்கப்சர் கடைசிவரை நீண்டு, கயிற்றில் கட்டி இழுத்த மாதிரி விறைத்து நின்றது. இனி சக்கரம் ஒரு குழியில் இறங்கினால் நீள இடமே இல்லை. குழியின் ஆழம் முழுவதும் அப்படியே மேலே படுத்திருப்பவர் மண்டையில்தான் இறங்கும்.

அப்போதுதான் ஸ்பிரிங் பட்டைகளைப் பார்த்தேன். நான் அதுவரை பார்க்காமல் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில், அடுக்கடுக்காக இருக்கும் இரும்புப் பட்டைகளோடு ஒன்றைக் கூடுதலாகச் செருகாத வண்டியே கிடையாது. லோடு தாங்கும், பின்பக்கம் தூக்கலாக நிற்கும், பார்க்கிறவர்களுக்கு ஒரு மரியாதை. அந்தக் கூடுதல் பட்டை வண்டியோடு பிறந்தது என்றே என் கண்ணும் பழகிவிட்டது. டிப்ளமோ வாங்கிய கண்.

"அண்ணே, வண்டியத் தூக்கி நிப்பாட்டுறது இந்த மேல் பட்டைதான். எடுத்துரணும்."

"அதை மட்டும் தொடாத தாயி. மழை இல்லாத வருசம் நரிக்குடிப் பக்கம் பூரா டிரம்மு டிரம்மாத் தண்ணி அடிச்சேன். அந்தப் பட்டைதான் தாங்குச்சு."

"இப்பத் தண்ணியா ஏத்துறோம்? ஒத்தக் கண்ணு."

அவர் அசையவில்லை. வாதாடி ஆகாது என்று தெரிந்தது. "சரி, நீங்க பின்னாடி படுங்க. நான் ஓட்டுறேன்" என்றேன்.

"லைசென்ஸ் இருக்கா ஒனக்கு?"

"இருக்கு. நீங்கதான் ஸ்டியரிங்கத் தர மாட்டேங்கிறீக."

படுத்தார். அவருடைய கட்டம்போட்ட துண்டாலேயே கண்ணைக் கட்டினேன். பார்த்துக்கொண்டு வருகிறவனுக்குக் குழி வருமுன்பே உடம்பு இறுகித் தயாராகிவிடும். கண் கட்டியவருக்கு அந்த முன்னறிவிப்பு கிடைக்காது. கொட்டகையைத் தாண்டி வண்டிப்பாதையில் இறக்கினேன். முதல் குழி. டங்! "யா அல்லா!" இரண்டாவது குழிக்கு அதுகூட முழுசாக வரவில்லை. திருச்சுழி ரோட்டில் ஏறியபோது பஸ் ஸ்டாப்பில் யாரோ கத்தினார்கள்: "ஏலே, ஒரு பொம்பளப் புள்ள சையதக் கடத்திட்டுப் போகுதுடா!"

பின்னாலிருந்து குரல் வந்தது. "கடத்தலடா... டெஸ்ட்டு! டெஸ்ட்..." டங்.

திரும்பி வந்து நிறுத்தியதும் அவர் துண்டை அவிழ்த்துப் பிடரியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் பின்னால் ஒருநாளும் ஏறியதில்லையாம். "இப்பிடியா கூட்டியாந்திருக்கேன் அவுகள எல்லாம்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு எழுந்து, "ஜாக்கிய எடு தாயி" என்றார்.

இருபக்கமும் பட்டைக் கட்டைப் பிரித்து, கூடுதலாகச் செருகியதை உருவினோம். ஜீப் பின்பக்கம் தணிந்து, பெருமையெல்லாம் போய், சாதுவாக நின்றது. இப்போது யாரையும் ஏற்றாமலே வளையம் முளைக்கு வந்தது. ஷாக்கப்சர் ஏறவும் இறங்கவும் இடம் வைத்துக்கொண்டு நடுவாந்திரமாக நின்றது. டீக்கடையில் இருந்தவர்களுக்கு ஏமாற்றம்.

மறுபடி துண்டைக் கட்டிக்கொண்டு படுத்தார். மறுபடி அதே வண்டிப்பாதை. முதல் குழிக்குச் சத்தமில்லை. இரண்டாவதற்கும் இல்லை. ரோட்டுக்கு வந்து, "எப்பிடிண்ணே இருக்கு?" என்றேன். பதில் இல்லை. பயந்துபோய் நிறுத்தித் திரும்பிப் பார்த்தால், வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். என் வேலைக்குக் கிடைத்த முதல் சான்றிதழ் அந்தக் குறட்டைதான். அதற்குப் பிறகு தாளில் வாங்கியதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

சனிக்கிழமை சண்முகத்தாய் அக்காவின் தலை என் மடியில் இருந்தது. இரண்டு கைகளாலும் காதோரம் அணைத்துப் பிடித்திருந்தேன். மதுரை தாண்டி, அருப்புக்கோட்டை தாண்டி, நரிக்குடியும் தாண்டியது. சையது அண்ணன் முன்னாலிருந்து, "குழி வருது தாயி... போயிருச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர் கண்ணு வண்டி என்று கண்டு, தானே இறங்கி மாட்டைப் பிடித்து ஓரம் கட்டினார். கரையின் மேல் வண்டி மிதந்து போனது என்று எழுதினால் பொய், ஆடியது. ஆனால் ஒவ்வொரு ஆட்டமும் ஒரு தடவையோடு நின்றது.

அக்கா ரொம்ப நேரம் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

"இன்னும் தார் ரோட்டுலதான போறோம்? கரை எப்ப வரும்?"

"கரை முடிஞ்சிருச்சுக்கா. ஒங்க தொழுவம் தெரியுது."

என் மடியில் அவர் கழுத்து தளர்ந்தது. ஆடு ஒன்று கத்தியது. "கருப்பிதான் அது" என்றார், கட்டுப்போட்ட கண்ணோடு.

சில வாரம் கழித்து, தடித்த கண்ணாடி மாட்டிக்கொண்டு முகாமுக்கு வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இதுலயா என்னைய ஏத்திட்டு வந்தீக?"

"ஆமாக்கா."

"நல்லவேளை, அன்னைக்குக் கண்ணு தெரியல."

சையது அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். கழற்றிய பட்டையை அவர் எங்கோ கொடுத்துவிட்டார். அப்புறம் எந்த வறட்சிக்கும் அதைத் தேடவில்லை. ஜீப் ஏலத்தில் போய்விட்டது. கண்மாய்க்கரையில் தார் விழுந்து டவுன் பஸ் போகிறது. இப்போது ஆபரேஷனில் தையலும் இல்லை, தடித்த கண்ணாடியும் இல்லை. கண்ணு வண்டிக்கு ஒதுங்கி நிற்க மாட்டைப் பிடிக்கும் ஆளும் இல்லை, அதற்குத் தேவையும் இல்லை.

திருச்சுழி வந்ததும், பஸ் நிற்கும் முன்பே அந்த அம்மா கிழங்குக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிலிருந்து தொப்பென்று குதித்தார். என் கைகள் மறுபடி தாமாக நீண்டன. அவர் திரும்பிப் பார்த்து, "வாரேன் தாயி" என்று கையை ஆட்டிவிட்டு விறுவிறுவென்று நடந்தார்.

அந்தப் பயமெல்லாம் ஒழிந்துவிட்டது. ஒழிந்ததே நல்லது. என் கைகளுக்குத்தான் யாரும் இன்னும் தகவல் சொல்லவில்லை.