ஆரணி ஓடி வந்த படம்

புலம்பெயர்ந்து வந்த குரோருட்டில் சிறிதேவியைத் தெரியாத தமிழ் வீடு கிடையாது. கிழமை நாட்களில் முதியோர் இல்லத்தில் வேலை. சனி ஞாயிறுகளில் சாமத்தியவீடு, கலியாணவீடு என்று எங்கே கூப்பிட்டாலும் கமராவோடு போய் நிற்பாள். "அசையாதேங்கோ" என்று அவள் ஒரு சொல் சொன்னால் மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

மகள் ஆரணி பேஸ்போலில் சேர்ந்ததோடு பிடித்தது சனியன். மட்டையால் அடித்துவிட்டு ஓடுகிற பிள்ளைகளிடம் அசையாதே என்று சொல்ல முடியுமா? சிறிதேவி பந்துக்குப் பின்னாலேயே கமராவைத் திருப்பினாள். கிடைத்ததெல்லாம் புழுதியும் யாரோ ஒருவரின் முதுகும்தான்.

அதே அணியில் மகனை விட்டிருந்த யேசுரட்ணம் செயற்கைப் பல் செய்கிறவர். கமரா வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆனால் மனுசன் பந்தைப் பார்ப்பதே இல்லை. பிள்ளை எந்தப் பேஸுக்கு, அதுதான் ஓடித் தொட வேண்டிய எந்த மூலைக்கு, வரும் என்று கணித்து, அங்கே குறிவைத்துக் குந்தியிருப்பார். ஆரணி தலைக்கவசம் பறக்கச் சறுக்கி விழும் படம் அப்படி எடுத்ததுதான். அதைத்தான் ஆரணி தன் போன் திரையில் போட்டிருந்தாள்.

சிறிதேவிக்கு வயிறு எரிந்தது. பெற்றவள் நான், படம் எடுக்கத் தெரிந்தவளும் நான், திரையில் மட்டும் அந்த ஆளின் படமா? "யேசு அண்ணை நல்லா எடுக்கிறார், என்ன?" என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. பருவம் முடிவதற்குள் அந்தத் திரையில் தன் படம் வந்தே ஆக வேண்டும் என்று நின்றாள்.

கடைசி ஆட்டத்தில் அவளும் அவரைப்போலவே, ஓட்டம் முடிகிற பேஸுக்கு நேரே வலைவேலியோரம் குந்தினாள். திரும்பினால் பக்கத்திலேயே யேசுரட்ணம். இரண்டு அணிகளும் சமநிலை. யாரோ அடித்த பந்து உருண்டோட, ஆரணி மூன்றாவது பேஸிலிருந்து பாய்ந்தாள். யேசுரட்ணம் கமராவில் கண்ணை வைத்தார். அவ்வளவுதான், சிறிதேவி எழும்பி அவருடைய லென்சுக்கு நேரே நின்றுவிட்டாள்.

"அக்கா, விலகுங்கோ! பிள்ளை வாறாள்!"

விலகவில்லை. அந்த முகம் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உண்மையைச் சொன்னால், இனித்தது. முதுகுக்குப் பின்னால் சனம் ஆரவாரித்தது.

உடுப்பெல்லாம் மண்ணோடு ஆரணி ஓடி வந்தாள். "வெண்டிட்டம்! அம்மா, எடுத்தனீங்களா?"

கமரா கழுத்தில் சும்மா தொங்கியது. "இல்லையடி."

"பரவாயில்லை, மாமா எடுத்திருப்பார்."

யேசுரட்ணம் சிறிதேவியை ஒருமுறை பார்த்தார். "இல்லைப் பிள்ளை. என்ரை கை பிந்திப்போச்சு."

காட்டிக்கொடுக்காத அந்தப் பெருந்தன்மையும் சிறிதேவிக்குப் பொறுக்கவில்லை. இதிலும் அவர்தானா முன்னுக்கு நிற்க வேண்டும்?

ஆரணியின் முகம் வாடியது. பிறகு தாயின் கையைப் பிடித்தாள். "சரி, விடுங்கோ. நீங்கள் கண்ணாலை பாத்தனீங்கள்தானே? நான் எப்பிடி வந்து விழுந்தனான், சொல்லுங்கோ."

சிறிதேவி வாயைத் திறந்தாள். அவள் கண்ணால் கண்டது யேசுரட்ணத்தின் சுருங்கிய முகம் ஒன்றைத்தான்.