கேமரா போட்டவள்

வாத்தியார் வேலையில் பாதி, முகம் பார்ப்பது. கொரோனாவில் அந்தப் பாதி போய்விட்டது. போன் திரையைப் பார்த்துத் தொண்டை வறளப் பேசிய என் இனத்தாரே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்கு வேலை சேலத்தில் ஒரு கல்லூரியில்; வீடு ஏற்காட்டில். இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குப் பொருளாதாரம் எடுத்தேன். எடுத்தேன் என்று நானாகச் சொல்லிக்கொள்கிறேன்.

புரிந்ததா?

பாடம் முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்பேன். அத்தனை பேரும் ஒரே குரலில் "புரிஞ்சுது சார்" என்பார்கள். வகுப்பறையில் இருந்தவரை இப்படி ஒரு ஒற்றுமையை நான் பார்த்ததில்லை. சந்தேகம் வந்து, அடிவாரத்துப் பையன் பிரபுவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். பையன் ஒளிக்கவில்லை.

"புரியலைன்னா மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிச்சுருவீங்க. டேட்டா தீந்துருமுங்க சார்."

யாருக்குத் திருப்தி?

ஆன்லைன் வகுப்பைப் பற்றி மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு ஒரு படிவம் வந்தது. நிரப்பாதவர்களுக்கு நானே போன் போட்டுக் கேட்க வேண்டும். ஏற்காட்டுப் பக்கம் தலைச்சோலை என்ற ஊரில் இருக்கும் செல்வி அதில் ஒருத்தி. நன்றாகப் படிக்கிற பெண். அப்பா வேலை பார்த்த லாட்ஜ் மூடிக் கிடந்தது. அம்மாவோடு அவளும் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு காதில் என் பாடம், இரண்டு கையும் செடியில்.

மிகவும் திருப்தியா, ஓரளவு திருப்தியா என்று ஒவ்வொன்றாக வாசித்தேன். காலேஜ் போனுக்கே வந்துவிட்டதால் மகளை வேலைக்கு அனுப்ப வீட்டாருக்குத் தடையில்லாமல் போனதை அவள் கொஞ்சமும் குறை சொல்லும் தொனியில்லாமல் சொன்னாள்.

"எங்கூட்ல எல்லாருக்கும் நொம்பத் திருப்திங்க சார். எனக்குன்னு தனியா ஒரு கட்டம் இருக்குதுங்களா?"

முகம் தெரிய வேண்டும்

வகுப்பு நடந்ததற்கு அத்தாட்சியாக மாணவர் முகம் தெரிகிற படம் வேண்டும் என்று உத்தரவு. கேமராவைப் போடச் சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. கோபத்தில் செல்வியின் பெயரை மூன்று முறை கூப்பிட்டேன். சொன்னால் கேட்கிற பிள்ளையிடம்தானே நம் அதிகாரம் செல்லும். போட்டாள். தலையில் துண்டு, இடுப்பில் பழம் போடுகிற சாக்கு, பின்னால் காப்பிச் செடி. ஸ்கிரீன்ஷாட் எடுத்து மேலே அனுப்பினேன். வழக்கம்போல வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டேன். அங்கேதான் என் புத்தி புல் மேயப் போயிருந்தது.

யாரோ அதை ஸ்டேட்டஸில் வைக்க, சாயங்காலத்துக்குள் படம் எஸ்டேட் ரைட்டரிடம் போய்விட்டது. ஆட்களின் பெயரெழுதி வேலை வாங்குகிறவர் அவர். வேலை நேரத்தில் ஆள் போனோடு நிற்பதை முதலாளி பார்த்தால் தன் வேலைக்கு ஆபத்து என்று பயந்து, மறுநாள் காலையில் செல்வியை நிறுத்திச் சொல்லியிருக்கிறார்.

"செல்லை ஊட்ல வச்சுட்டு வா கண்ணு. இல்லாட்டி நீயும் ஊட்லயே இருந்துக்க."

தலைச்சோலையில்

பத்து நாள் அவள் வகுப்புக்கு வரவில்லை. வருகை குறைந்தால் பரீட்சை எழுத முடியாது. ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு தலைச்சோலைக்குப் போனேன். அவளுடைய அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எனக்கு உட்காரக் கூசியது.

வருகையை நான் பார்த்துக்கொள்கிறேன், பரீட்சையை மட்டும் எழுது என்றேன். பரீட்சையும் பகலில், போனில், கேமரா போட்டுத்தான் என்று அவள் எனக்கே ஞாபகப்படுத்தினாள். பரீட்சைக்காக ஒரு வாரம் வேலைக்குப் போகாவிட்டால் ரைட்டர் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வார். அப்பாவுக்கு லாட்ஜ் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள் என்றேன். அவள் சங்கடத்தோடு அம்மாவைப் பார்த்தாள்.

"மத்தவங்களாட்ட நானும் சும்மா இருந்திருக்கலாமுங்க. நீங்க மூணு தடவ கூப்புட்டீங்க, பேசாம இருந்தா மரியாதையா இருக்காதுன்னுதானுங்க சார் போட்டேன்."

என் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாத அத்தனை பேரும் பாஸாகிப் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். கேட்ட ஒருத்தி மட்டும் தலைச்சோலையில் இன்னும் பழம் பறித்துக்கொண்டிருக்கிறாள்.