பட்டை உரிக்காத விறகு

காட்டுச் சோதனைச் சாவடியில் காவலரான அவருக்குப் பட்டப்பெயர் ‘பட்டை’. மரம் ஏற்றி வரும் எந்த லாரியானாலும் நிறுத்தி, கட்டைகளைக் கத்தியால் கீறிப் பார்ப்பார். மரத்தைக் கொல்லும் ஒருவகை வண்டு பட்டைக்கு அடியில்தான் முட்டையிடும். புழு குடைந்தால் ஒரே கோடையில் மரம் பட்டுப்போகும். “பட்டையோட ஒரு குச்சிகூட இந்தக் கேட்டைத் தாண்டாது” என்று பத்தொன்பது வருடமாகச் சொல்லிவந்த மனிதர்.

அவருடைய அக்கா மலைக்கு அந்தப் பக்கம் வீடு மாற்றிய வருடம், அடுப்புக்கு விறகு கேட்டாள். மழை இருட்டிக்கொண்டு நின்றது. உரித்துக்கொண்டிருந்தால் எல்லாம் நனைந்துவிடும். விழுந்து கிடந்த மரத்தை அப்படியே துண்டு போட்டு ஜீப்பில் ஏற்றினார். சாவடியில் இருந்த சக காவலர், “உங்க வண்டிய நான் பாக்கறதா? போங்கண்ணே” என்று சிரித்தபடி கம்பத்தைத் தூக்கிவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து அக்கா வீட்டுக்குப் பின்னால் மரங்கள் உச்சியிலிருந்து காய்ந்து சிவக்கத் தொடங்கின. விஷயம் தெரிந்தவர் என்று அதிகாரி இவரையே அனுப்பினார். விறகுக் கொட்டகையை ஒட்டிய மரத்தில் பட்டையை உரித்தார். உள்ளே நெடுகப் புழு ஓடிய தடம். கொட்டகையில் மிச்சமிருந்த கட்டைகளிலும் அதே தடம். மேலே வண்டு வெளியேறிய துளைகள்.

“எங்கேர்ந்துடா வந்துச்சு இந்தச் சனியன்?” என்றபடி அக்கா தேநீரை நீட்டினாள்.

அவர் தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்தார். மிச்சக் கட்டைகளை எரித்துவிட்டு, அறிக்கையில் ‘வந்த வழி தெரியவில்லை’ என்று எழுதினார்.

வண்டு மேலும் பரவாமலிருக்க நானூற்றுப் பத்து மரங்களை வெட்ட உத்தரவு வந்தது. அதோடு நின்றிருந்தால் வாயை மூடிக்கொண்டே இருந்திருப்பார். ஆனால் அந்தச் சாலையில் மரம் ஏற்றும் ஒரே லாரிக்காரர்மேல் சந்தேகம் விழுந்து, அவருடைய பர்மிட்டை நிறுத்திவிட்டார்கள். பட்டையோடு வந்த அவர் லாரியை முன்பு ஒருமுறை இவரே திருப்பி அனுப்பியிருந்தார். பதிவேட்டில் இருந்த அந்த வரியே சாட்சியாகிவிட்டது.

பதினோரு நாள் தள்ளிப்போட்டார். பன்னிரண்டாம் நாள் அதிகாரியின் மேசைக்கு முன் நின்றார்.

“சார், அந்த வண்டு என் ஜீப்புல போச்சு.”

“என்ன சொல்றீங்க?”

“எங்கக்காவுக்கு விறகு கொண்டுபோனேன். பட்டையோட. அறிக்கையில எழுதினதும் பொய்.”

அதிகாரி பேனாவை மூடினார். “வேலியே பயிரை மேஞ்ச கதையா இருக்கே! இதையே எழுதிக் குடுங்க.”

சாவடி வேலை போயிற்று. மரம் வெட்டும் ஆட்களோடு சேர்ந்து பட்டைகளைக் குவித்து எரிக்கும் வேலை கிடைத்தது. பர்மிட் திரும்பக் கிடைத்த பிறகு லாரிக்காரரைத் தேடிப்போனார். டயர் மாற்றிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. “காட்டைக் கெடுத்தவன் மகள்னு எம்பொண்ணைப் பள்ளிக்கூடத்துல சொன்னாங்க. உங்க மன்னிப்பை வெச்சு நான் என்ன பண்ண? போங்க.”

வண்டு அக்கா ஊர் ஓடையைத் தாண்டிப் பரவவில்லை. அக்கா வீட்டுக் கொல்லையில் இப்போது வெறும் அடிக்கட்டைகள்தான். “விறகு கேட்டது நான்தானேடா” என்று அவள் பழியைத் தன்மேல் இழுத்துக்கொண்டாள். திட்டித் தீர்த்திருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. இன்றும் அங்கே போனால் கொல்லைப்பக்க ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறார்.