கடைசிக் கம்பத்தில் நின்றவள்

இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைப் பக்கம், ஆற்றையொட்டிய ஒரு தோட்டத்தில் நான் தேயிலைத் தொழிற்சாலை வேலையில் இருந்தேன். தோட்டத்தின் உதவி மேலாளரான எங்கள் சின்னத்துரைக்குப் படகுப் பைத்தியம். வேகமாக ஓடும் ஆற்றில் மூங்கில் கம்பங்களை நட்டு, அவற்றுக்கிடையே வளைந்து வளைந்து படகு விடும் போட்டியை ஆண்டுதோறும் நடத்துவார். கம்பத்தில் உடம்போ துடுப்போ பட்டால் தோல்விதான். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நானே வென்றேன்.

நான்காம் ஆண்டு, கம்பங்களைக் கவனித்து, யாராவது பட்டால் சிவப்புக் கொடி தூக்கக் கரையில் பெண்களையும் நிறுத்தினார் துரை. கடைசிக் கம்பத்தருகே என் மனைவி ராக்கம்மா நின்றாள். அங்கே நீர் என்னைத் தள்ளியதில் தோள் மூங்கிலில் உரசியது. நான் கரையேறியபோது அவள் சிவப்புக் கொடியைத் தூக்கியிருந்தாள்.

"படல தொரே. அவளுக்குக் கண்ணு சரியில்ல," என்றேன். கூட்டம் சிரித்தது. துரை என்னை நம்பிக் கோப்பையைக் கொடுத்தார்.

ராக்கம்மா சண்டை போடவில்லை. கொடியைச் சுருட்டித் துரையிடம் நீட்டினாள்.

"இத வேற யாருக்காச்சும் குடுங்க தொரே. நான் பாத்ததுக்குத்தான் தூக்குவேன்."

அவள் தனியாக மேட்டிலிருந்த எங்கள் லயத்து வீட்டுக்கு ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை.

"அவ சொன்னதுதான் சரி தொரே. என் தோளு பட்டுச்சு," என்று சொல்லி, இரண்டாவதாக வந்த செல்லையாவிடம் கோப்பையைக் கொடுத்தேன்.

நான் வென்ற ஆண்டுகளில் அவள் யாரிடமும் பெருமை பேசியதில்லை. மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில், "எங்க வீட்டுக்காரரு தானாவே ஒத்துக்கிட்டாரு," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால், அத்தனை பேர் முன்னால் அவள் சொன்னதைப் பொய்யாக்கியதற்கு நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவே இல்லை. அவளும் அதைக் கேட்டதில்லை.