பஞ்சாலை அக்காவின் சிவப்பு நகம்

பஞ்சாலை அக்கா ஓடைக்கரையில் உட்கார்ந்து, வலது கால் பெருவிரல் நகத்துக்கு மட்டும் சிவப்புச் சாயம் பூசுகிறார். மற்ற ஒன்பதும் வெறுமை. ரப்பர் மரங்களுக்கிடையே பனி மெல்ல நகர்கிறது. சாயம் காயும்வரை யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார்.

"அழகுக்கு இல்ல லா, பாப்பா. இதான் என் மீட்டரு."

முழங்கால் தண்ணீரில் நின்று குனிந்தால் சிவப்பு தெரியவேண்டும். தெரியாவிட்டால், கீழே லயத்து வீடுகளில் குளிப்பவர்களுக்குச் சேறு போகிறது என்று அர்த்தம். அந்த லயத்தில்தான் அவரும் இருக்கிறார்.

மந்தின் ஊருக்கு அப்பால் இந்தத் தோட்டத்து ஓடையில், டூலாங் என்னும் மரத்தட்டைச் சுழற்றி இருபத்தாறு வருடமாக ஈய மணல் பிரிக்கிறார். தட்டு சுழலும்போது அவர் கண்கள் பாதி மூடியிருக்கும். தூங்குகிறாரோ என்று தோன்றும். முட்டி தேய்ந்துவிட்டது. கரையேற என் தோளைப் பிடிப்பார். "டூலாங்கோட போட்டோ எடுக்காத. பம்பு வரட்டும், அதுகிட்ட நிக்கிறேன்" என்று முன்பே சொல்லியிருந்தார்.

நான் வேலை செய்யும் திட்டம் அவரையும் நான்கு பெண்களையும் குழுவாக்கிப் பயிற்சி தந்தது. பம்பு, மணல் வழியும் மரச்சரிவு, சேற்றைத் தேக்க ஒரு குட்டை. போன வியாழன் வெள்ளோட்டம். சேறு ஓடையில் கலந்தால் பெர்மிட் கிடையாது, மறுபடி டூலாங்தான்.

பட்டம் வாங்கிய நான் இவர்களுக்கு என்ன கற்றுத்தருகிறேன் என்று எனக்கே தெளிவில்லை. பூட்ஸ் கட்டாயம் என்று மட்டும் சொன்னேன்.

"அப்ப மீட்டர எங்க வைக்கிறது?" என்றார். பிறகு சாயப்புட்டியைத் திறந்து, கறுப்பு பூட்ஸின் மூக்கில் ஒரு நகம் வரைந்தார்.

குழுவில் ஒருத்தரான முத்தாயி, "மத்ததுக்கும் பூசு, கல்யாணத்துக்குப் போவலாம்" என்றார்.

பம்பு கிளம்பியது. ஒரு நாள் டூலாங்கில் கிடைக்கும் ஈய மணல் அரைமணியில் சரிவில் கறுப்பாகப் படிந்தது. பெர்மிட் ஆய்வுக்கு வந்த ராமகிருஷ்ணன் சார் அதையே கனவுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாகுஸ், ரொம்ப நல்லாருக்கு" என்று கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார்.

அக்கா குட்டைக்குக் கீழே, ஓடையில் குனிந்து நின்றார். நெடுநேரம் நிமிரவில்லை. நானும் போய்ப் பார்த்தேன். தண்ணீர் பால் தேத்தண்ணி நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே எதுவும் தெரியவில்லை.

முத்தாயி வந்து அக்காவின் காதில் கிசுகிசுத்தார்: "சைன் போடட்டும்டி. அப்புறம் பாத்துக்கலாம்."

தோளைக் கொடுத்தேன். அக்கா பிடிக்கவில்லை. தானாகவே கரையேறி, ராமகிருஷ்ணன் சாரைத் தாண்டிப் போய், பம்பை நிறுத்தினார்.